எட்டு பெரிதா, ஏழு பெரிதா?

சீனியாரிட்டி என்றால் என்னவென்று தமிழ்நாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிளஸ் டூ முடித்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, ஒரு தடவை மறந்துபோய், “சீனியாரிட்டி போச்சே” என்று தலையில் கை வைத்தவர் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அதனால்தான் 2024 ஜூனில் டெல்லியில் ஒரு சண்டை நடந்தபோது எங்கள் சிவகாசிப் பக்கத்து டீக்கடைகளில்கூட ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். என் கொழுந்தன் நேராக என்னிடமே வந்துவிட்டார். “மதினி, எட்டு தடவை ஜெயிச்சவர் இருக்கும்போது ஏழு தடவை ஜெயிச்சவரை எப்படி உட்கார வச்சாங்க? எட்டு பெருசா, ஏழு பெருசா?”

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பட்டாசு ஆலையில் டைம் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மஸ்டர் ரோல், பி.எஃப். படிவம், சனிக்கிழமைச் சம்பளக் கவர் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். யார் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது நின்றார், திரும்ப எப்போது வந்தார் என்று எழுதி எழுதியே கண் கெட்டது.

முதலில் அந்தப் பதவியைச் சொல்லிவிடுகிறேன். தேர்தல் முடிந்து புது மக்களவை கூடும்போது சபாநாயகர் நாற்காலி காலியாக இருக்கும். பழைய சபாநாயகர், புது அவையின் முதல் கூட்டத்துக்குச் சற்று முன்பு வரைதான் பதவியில் இருப்பார். அரசியலமைப்பின் 94-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. புதியவரை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் பதவிப் பிரமாணம் எடுக்காமல் உறுப்பினர் அவையில் உட்காரவோ வாக்களிக்கவோ முடியாது. இந்தச் சிக்கலை அவிழ்க்க ஓர் உறுப்பினரைத் தற்காலிக சபாநாயகராகக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், 95-ஆவது பிரிவின்படி. அவருக்குக் குடியரசுத் தலைவர் பிரமாணம் செய்து வைப்பார். அவர் மற்றவர்களுக்குச் செய்து வைப்பார். பிறகு சபாநாயகர் தேர்தலை நடத்திக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார். சில நாள் வேலை.

யாரை நியமிப்பது என்று அரசியலமைப்பில் ஒரு வரிகூட இல்லை. மூத்த உறுப்பினரை நியமிப்பது வழக்கம், அவ்வளவுதான். நாடாளுமன்ற விவகார அமைச்சகம் மூத்தவர்களின் பட்டியலைத் தயாரித்துக் கொடுக்கும்; அமைச்சரோ பிரதமரோ அதிலிருந்து பெயரைத் தேர்வு செய்வார்கள். கூடவே பிரமாணம் செய்து வைக்க உதவியாகச் சிலரையும் எடுப்பார்கள்.

2024-இல் எல்லோரும் எதிர்பார்த்த பெயர் கேரளத்துக் கொடிக்குன்னில் சுரேஷ், காங்கிரஸ், மாவேலிக்கரை. எட்டு முறை வென்றவர். ஜூன் 20 அன்று அறிவிக்கப்பட்ட பெயர் ஒடிசாவின் பர்த்ருஹரி மஹ்தாப், கட்டாக் தொகுதி. தேர்தலுக்குக் கொஞ்சம் முன்புதான் பிஜு ஜனதா தளத்திலிருந்து பா.ஜ.க.வுக்கு வந்தவர், ஏழு முறை வென்றவர். தலித் தலைவர் ஒருவரை ஒதுக்கிவிட்டார்கள் என்று காங்கிரஸ் சொன்னது. அமைச்சர் கிரண் ரிஜிஜு சொன்ன பதில்தான் என் காதில் மணியடித்தது: மஹ்தாப் ஏழு முறையும் இடைவெளி இல்லாமல் வந்தவர், சுரேஷ் 1998-இலும் 2004-இலும் தோற்றவர், தொடர்ச்சி விட்டுப்போனது.

சர்வீஸ் பிரேக்! எங்கள் ஆலையிலும் இந்த வழக்கு வந்ததுண்டு. ஒரு அக்கா கல்யாணத்துக்கு முன்பே வேலைக்கு வந்தவர். பிரசவம், மாமியாருக்குச் சீக்கு என்று இரண்டு தடவை நின்று திரும்பியவர். இன்னொருவர் அவருக்குப் பின்னால் வந்தார், ஆனால் ஒரு வருடமும் விடவில்லை. சூப்பர்வைசர் வேலை யாருக்கு? முன்னவர் போர்மேனிடம், “அண்ணாச்சி, நான் வந்தப்ப இவ பள்ளிக்கூடம் போய்ட்டிருந்தா” என்றார். பின்னவர், “நான் ஒரு வருசம் நின்னிருக்கேனா, மஸ்டரைப் பாருங்க” என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அண்ணாச்சி மனதில் யாரை நினைத்திருந்தாரோ அவருக்குத் தோதான கணக்கை என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

டெல்லியில் நடந்ததும் அதேதான் என்பது என் அபிப்பிராயம். சும்மா சொல்லவில்லை, மஸ்டர் போட்டே பார்த்தேன். மக்களவையில் ‘ஒரு முறை’ என்பது ஐந்து வருடம் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். 1989-இல் வந்த அவை 1991 மார்ச்சில் கலைந்தது. 1996-இல் வந்தது 1997 டிசம்பரில் போனது. 1998 மார்ச்சில் வந்தது 13 மாதம்தான் தாங்கியது. சுரேஷ் இருந்த அவைகள் 1989, 1991, 1996, 1999, பிறகு 2009 முதல் தொடர்ச்சியாக. ஆயுளைக் கூட்டினால் 2024 வரை சுமார் 27 வருடம் வருகிறது. மஹ்தாப் 1998-இலிருந்து விடாமல் வந்தவர். ஆனால் முதல் அவைக்கு ஆயுள் 13 மாதம், அது கலைந்தபின் தேர்தல் வரைக்கும் சில மாதம் யாருமே உறுப்பினர் இல்லை. அவருக்குச் சுமார் இருபத்தைந்தரை. ஆக எத்தனை முறை என்று எண்ணினாலும், எத்தனை வருடம் என்று கூட்டினாலும் சுரேஷ்தான் முன்னால். தொடர்ச்சி என்று பார்த்தால் மட்டும் மஹ்தாப். பிரமாணத்துக்கு உதவும் உறுப்பினர்களை முடிந்தவரை அவையில் இருந்த ஆண்டுகளைப் பார்த்தே எடுக்க வேண்டும் என்றுதான் அமைச்சகத்தின் கையேடும் சொல்கிறது.

‘தொடர்ச்சி’ என்ற அளவுகோலை ரிஜிஜு சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. பிரிட்டனில் அதுதான் வழக்கம். அங்கே அவையில் இடைவிடாமல் நீண்ட காலம் இருப்பவரை ‘அவையின் தந்தை’ என்பார்கள். சபாநாயகர் தேர்தலை அவர் நடத்துவார். ஒரே தேர்தலில் இரண்டு பேர் வந்திருந்தால்? யார் முதலில் பிரமாணம் எடுத்தாரோ அவர். 1970-இல் நுழைந்த கென் கிளார்க்கும் டென்னிஸ் ஸ்கின்னரும் 2017-இல் அந்த இடத்துக்கு வந்தபோது, நாற்பத்தேழு வருடத்துக்கு முன் ஒரே நாளில் வரிசையில் முன்னால் நின்ற கிளார்க்குக்கே அது கிடைத்தது. ரேஷன் கடை வரிசை தோற்றது போங்கள். அமெரிக்க செனட்டில் ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் முன்பு செனட்டில் இருந்தாரா, கீழவையில் இருந்தாரா, ஆளுநராக இருந்தாரா என்று படிப்படியாகப் பார்த்து, கடைசியில் யார் மாநிலத்தில் ஜனத்தொகை அதிகம் என்பதுவரை போவார்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம்மிடம் எழுத்து இல்லை என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி. 2014-இல் பா.ஜ.க. அரசு, எதிர்க்கட்சியில் இருந்த காங்கிரஸ்காரர் கமல்நாத்தையே நியமித்தது. ஒன்பது முறை வென்றவர். 2019-இல் எட்டு முறை வென்ற மேனகா காந்தி அதே கட்சியில் இருக்க, ஏழு முறை வென்ற வீரேந்திர குமார் நியமிக்கப்பட்டார். கம்யூனிஸ்ட் தலைவர் இந்திரஜித் குப்தா 1990-களில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பதினோரு முறை வென்றவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1977-இல் தோற்றதை யாரும் கழிப்பதில்லை.

2024 கதை எப்படி முடிந்தது என்றால், உதவிக் குழுவில் போட்டிருந்த சுரேஷ், நம்ம ஊர் டி.ஆர். பாலு, வங்கத்தின் சுதீப் பந்தோபாத்யாய் மூன்று பேரும் அந்த வேலைக்குப் போகவில்லை. ஜூன் 26-இல் சபாநாயகர் தேர்தலில் ஓம் பிர்லாவுக்கு எதிராக சுரேஷே நிறுத்தப்பட்டார். குரல் வாக்கெடுப்பில் பிர்லா வென்றார்.

எங்கள் பகுதிக்கு இந்த மூப்பு ராசி கிடையாது. பழைய சிவகாசி மக்களவைத் தொகுதியானாலும் சரி, 2009 முதல் உள்ள விருதுநகர் தொகுதியானாலும் சரி, யாரையும் தொடர்ந்து மூன்று தடவை அனுப்பியதில்லை. வி. ஜெயலட்சுமி 1971, 1977 என்று இரண்டு. வைகோ 1998, 1999 என்று இரண்டு. மாணிக்கம் தாகூர் 2009-இல் வைகோவைத் தோற்கடித்து உள்ளே போனார், 2014-இல் அ.தி.மு.க.வின் டி. ராதாகிருஷ்ணன் வந்தார், 2019-இல் தாகூர் திரும்பினார், 2024-இல் 4,379 வாக்கில் தப்பித்தார். ரிஜிஜு கணக்கில் தாகூருக்கு இரண்டு, மற்றவர் கணக்கில் மூன்று.

வைகோ கணக்கு இன்னும் வேடிக்கை. 1978 முதல் 1996 வரை மாநிலங்களவையில் பதினெட்டு வருடம், பிறகு சிவகாசி உறுப்பினராகச் சுமார் ஐந்தரை வருடம், 2019 முதல் 2025 வரை மறுபடி மாநிலங்களவை. கூட்டினால் கிட்டத்தட்ட முப்பது. ஆனால் 2009-இல் அவர் விருதுநகரில் வென்றிருந்தால், மக்களவை மூப்புப் பட்டியலில் மூன்றாவது முறைக்காரராகத்தான் நின்றிருப்பார், ஏனென்றால் அந்தப் பட்டியலில் மேலவை வருடம் சேராது. விருதுநகர் மண்ணின் மைந்தர் காமராஜரே 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் மக்களவைக்குப் போனவர். முதலமைச்சரானதும் விட்டுவிட்டு வந்து, 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில்தான் மறுபடி மக்களவைக்குப் போனார். நடுவில் ஒன்பது வருடம் தமிழ்நாட்டை ஆண்டதும், இரண்டு பிரதமர்களை உருவாக்கியதும் எந்த மஸ்டரிலும் ஏறாது.

மூப்பு உண்மையாகவே உறைப்பது டெல்லி வீட்டு விஷயத்தில். முதல் முறை உறுப்பினருக்குச் சின்ன வகை வீடு, பல முறை வந்தவருக்கும் முன்னாள் அமைச்சர், ஆளுநர், முதலமைச்சர்களுக்கும் பெரிய பங்களா. ராகவ் சத்தா ஆம் ஆத்மி கட்சி சார்பில் முதல் முறையாக மாநிலங்களவைக்குப் போனவர். 2022-இல் அவருக்கு ஏழாம் வகை பங்களா ஒதுக்கினார்கள், 2023 மார்ச்சில் தகுதிக்கு மேல் என்று ரத்து செய்தார்கள். வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம்வரை போய், அக்டோபரில் அவரை உடனே காலி செய்ய வைக்கும் முயற்சி நின்றது. தகுதி என்று சொல்லும்போது கொடுத்தவர்களுக்கு அது முதலிலேயே தெரிந்திருக்காதா என்று எனக்குள் ஒரு கேள்வி.

ஓய்வூதியத்தில் மட்டும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு அவை வருடங்களையும் கூட்டலாம், இடைவெளி குறையாகாது. 2023 ஏப்ரல் முதல் மாதம் 31,000 ரூபாய், ஐந்து வருடத்துக்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 2,500 கூடுதல். முப்பது வருடம் இருந்தவருக்கு 93,500 வரும். என் மஸ்டரில் இருந்த பெண்களுக்குக் கிராஜுட்டி வாங்க ஐந்து வருடத் தொடர்ச்சியான சேவை வேண்டும், வருடத்துக்கு 240 நாள் கணக்கு வேண்டும். நடுவில் கணக்கு முடித்துப் போய்த் திரும்பினால் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

கேள்வி நேரத்தில் மூப்பு செல்லாது. எட்டு முறை வந்தவரானாலும் நேற்று வந்தவரானாலும் கேள்வியைக் கொடுத்துவிட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். அவையில் நேரில் பதில் பெறும் கேள்விகள் ஒரு நாளைக்கு இருபது. குலுக்கலில் பெயர் வந்தால்தான் அதில் இடம். தனிநபர் மசோதாவுக்கும் குலுக்கல்தான். இது எங்கள் பக்கத்துக்கு முக்கியம். பட்டாசு உரிமம் வழங்கும் வெடிபொருள் துறை வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை போட்டதும் வந்த பசுமைப் பட்டாசு விவகாரம் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குப் போகும். தீக்காயத்துக்கு ஓடும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை தொழிலாளர் அமைச்சகத்துக்கு. எந்தக் கேள்வியை எந்த அமைச்சகத்துக்கு எழுதுவது என்று தெரிந்தவருக்கு முதல் முறையே போதும். பதில்கள் நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயர்வாரியாகக் கிடைக்கின்றன. தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் பேச வசதியாக, என் கொழுந்தனுக்கு அதை எப்படித் தேடுவது என்று காட்டிக் கொடுத்திருக்கிறேன்.