எருக்குழிப் புழுவில் பச்சைப் பூசணம்

தென்னை வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்குக் காண்டாமிருக வண்டைப்பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. விரியாத குருத்தை அது துளைத்துவிட்டால், பின்னர் விரியும் மட்டை கத்தரித்த விசிறிபோல் நிற்பதை யாவரும் கண்டிருப்பர். அவ்வண்டு புழுவாக வளர்வது மரத்தில் அன்று. நமது எருக்குழியிலும் மக்கிய தென்னந்தூரிலுமேயாம். அப்புழுவுக்கு எமனாக வாய்த்தது மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூசணம். மெட்ச்னிகாப் என்ற அறிஞர் 1879-ம் ஆண்டில் ஒடெஸ்ஸாப் பகுதியில் கோதுமை வண்டிடத்தே இதனை ஆராய்ந்தார். இதன் வித்து புழுவின் தோலில் ஒட்டி, ஈரம் கிடைத்ததும் முளைத்து, தோலைத் துளைத்து உட்புகுந்து, இரத்தத்தில் பெருகிக் கொன்றுவிடும்.

இப்பூசணம் பொடியாக விற்கப்படுகிறது. சங்கங்களும் வாங்கி வைக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தில் இருப்புச் சரிபார்க்கச் சென்றேன். மூட்டைகளின் எண்ணிக்கையும் எடையும் இருப்புப் புத்தகத்துடன் இம்மியும் பிசகாமல் ஒத்திருந்தன, கையொப்பமிட்டுத் திரும்பினேன். அப்பொடி தகரக் கூரையின்கீழ் ஒரு கோடை முழுவதும் வெந்துகிடந்தது என்பது பின்னரே தெரிந்தது. அதை வாங்கி இட்டவர்கள் குழியைக் கிளறியபோது புழுக்கள் கொழுத்துக் கிடந்தன. ஒருவர் மட்டும் பச்சை பூத்த புழுவொன்றைக் கொண்டுவந்து, மருந்து பலித்தது என்றார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது அது பழஞ்சோற்றில் பூப்பது போன்ற வெறும் பூஞ்சையாக இருந்தது.

ஆகவே பச்சையெல்லாம் மெட்டாரைசியம் அன்று. செத்த புழு கறுத்து, நெகிழ்ந்து, நாறினால் அது பாக்டீரியாவின் வேலை. மெட்டாரைசியத்தால் மாண்ட புழுவோ நாறாது, விறைத்துக் கட்டைபோலாகிவிடும். அத்தகைய புழுவை, பூசணம் வெளித்தோன்றுமுன் நீரில் கழுவி, ஈரமான ஒற்றுத்தாள் விரித்த கிண்ணத்தில் மூடிவைத்தால், சில நாட்களில் முதலில் பஞ்சுபோல் வெண்மையும், அதன்மேல் கரும்பச்சைத் தூளும் தோன்றும். எனினும் கண் கண்டது போதாது. பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ் முதலிய சாதாரணப் பூஞ்சைகளும் பச்சைதான். அவை பிணத்தில் தாமே வந்து குடியேறுபவை. மைக்ராஸ்கோப்பில் அவற்றின் வித்துக்கள் பெரும்பாலும் உருண்டையானவை. முன்னது துடைப்பம்போல் கிளைத்திருக்கும். பின்னதற்கு உருண்டைத் தலையுண்டு. மெட்டாரைசியத்தின் வித்துக்களோ நீண்ட உருளைகள்; தறியில் ஏற்றிய பாவு இழைகள்போல் வரிசை வரிசையாக நெருங்கி நிற்கும். நெசவாளர் எவரும் ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டார்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். சாதாரண வகையின் வித்து 5 முதல் 8 மைக்ரான் நீளம்; காண்டாமிருக வண்டை வன்மையாகத் தாக்கும் வகையின் வித்தோ 10 முதல் 14 மைக்ரான். நெடுங்காலம் இவ்விரண்டும் அனிசோப்ளியே என்ற ஒரே இனத்தில் அடக்கப்பட்டிருந்தன. 2009-ல்தான் நெடுவித்து வகை மேஜஸ் எனத் தனியினமாயிற்று. எனவே பெயர்ச்சீட்டில் அனிசோப்ளியே என்று மட்டும் கண்டால், எந்த வகை என்று விற்போரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுதல் நலம். கேட்பதில் வெட்கம் எதற்கு? நூல் வாங்கும்போது நம்பர் கேட்பதில்லையா?

மைக்ராஸ்கோப் இல்லாத சங்கத்திற்கும் வழியுண்டு. இரு பானைகளில் மக்கிய எருவை ஈரமாக இட்டுப் பத்துப்பத்துப் புழுக்களை விடுக. ஒன்றில் மட்டும் பொடியைக் கலந்து, இரண்டையும் நிழலில் மூடிவைத்து மூன்று நான்கு வாரம் கவனிக்க. பொடியிட்ட பானையில் மட்டும் புழுக்கள் விறைத்துப் பச்சை பூத்தால் சரக்கு உயிருள்ளது. இரண்டு பானைகளிலும் செத்தால் சோதனை செல்லாது, மீண்டும் செய்க.

பட்டுப்புழு வளர்ப்போர் இச்சோதனையை வளர்ப்பு மனையருகே செய்யலாகாது. இத்தகைய பூசணங்களால் அதற்கும் நோய் வருவதுண்டு. 1835-ல் இத்தாலியில் பாஸி என்பவர் பூசணமே நோய்க்குக் காரணமாகும் என்று நிறுவியது பட்டுப்புழுவைக் கொண்டேயாம்.

நான் தணிக்கை செய்யும் சங்கங்களில் இப்போது பொடி வந்தவுடன் பானை வைக்கிறார்கள். மூட்டைகள் குளிர்ந்த நிழலில் கிடக்கின்றன. பட்டியல் தொகை பானையைத் திறந்து பார்த்தபின்னரே வழங்கப்படுகிறது.