பழைய கணினி புதிய இயங்குதளத்தை ஏற்குமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நன்றாக ஓடும் பல கணினிகளில் விண்டோஸ் 11 ஏற மறுப்பது ஏன்? மறையாக்கச் சாவிகளைத் தனியே காக்கும் டிபிஎம் 2.0 வசதியையும் புதிய தலைமுறைச் செயலியையும் அது கேட்கிறது. இவை இல்லாத கணினி பழுதானது அல்ல. இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி ஏற்ற வழியுண்டு. ஆனால் பிற்பாடு பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

அதே கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளம் மட்டும் எப்படி ஓடுகிறது? வன்பொருளோடு பேசுவது இயங்குதளத்தின் கருவான கெர்னல். ஒவ்வொரு பாகத்துக்கும் அதற்கு டிரைவர் என்ற ஒரு மென்பொருள் வேண்டும். லினக்ஸின் மூலநிரல் திறந்திருப்பதால், தயாரித்த நிறுவனம் கைவிட்ட பாகங்களின் டிரைவர்களையும் மற்றவர்கள் பராமரிக்கலாம். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கைட் நிறுவனம், உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்துக் கேரளப் பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தை உருவாக்கியிருக்கிறது. பொதுப்பள்ளிகளால் முடிந்தது வீட்டிலும் முடியும்.

முதலில் உங்கள் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். லினக்ஸ் நிறுவல் கோப்பைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். வன்தட்டு அப்படியே இருக்கும். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் சரியாக இயங்கினால் மட்டுமே நிறுவுங்கள்.