பைக்கின் பின் ஷாக் மாற்றப் போறீங்களா? இதெல்லாம் தெரியுமா?

எரியோட்டிலிருந்து அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போனாலும் சரி, திண்டுக்கல் தாண்டிச் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினாலும் சரி, அத்தனை அடியையும் வாங்குவது பின் ஷாக்தான். இடுப்பு கழன்றதும் பட்டறைக்குப் போய், "அண்ணே, வேற ஷாக் போட்றலாமா?" என்கிறோம். போடலாம்! அதற்கு முன்...

● அடியைத் தாங்குவது ஸ்பிரிங். அது திரும்பத் துள்ளாமல் அடக்குவதுதான் உள்ளே இருக்கும் ஆயில், தெரியுமா? ஆயில் சீல் போச்சா? ஒரே வேகத்தடைக்கு வண்டி மூன்று குதி குதிக்கும்!

● அடக்கிய துள்ளல் எங்கே போகிறது? சூடாக மாறுகிறது! மேடு பள்ளத்தில் நன்றாக ஓட்டிவிட்டு இரண்டு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள் (சைலன்சர் பத்திரம்!). ஒன்று வெதுவெதுப்பு, மற்றது ஜில்லென்று இருக்கிறதா? ஜில்லென்று இருப்பது வேலை செய்யவில்லை!

● கேஸ் ஷாக்கில் அடைப்பது நைட்ரஜன். நாம் இழுக்கும் மூச்சில் 78 சதவீதம் அதுதான்! அதன் அழுத்தத்தில் ஆயில் நுரைக்காது. ஆனால் மலிவு ஷாக்குகள் சிலவற்றில் கேஸுக்கென்று பக்கத்தில் தொங்கும் குட்டி சிலிண்டர் வெறும் அலங்காரம்!

● ஸ்பேனர் போட்டு ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை) ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்பார்கள். ஆகவே ஆகாது! வண்டியின் பின்பக்கம் உயரும், அவ்வளவுதான்.

● உங்கள் ஸ்பிரிங் சரியா என்று டேப்பே சொல்லிவிடும்! சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து சீட் ஓரம் வரை அளந்துகொள்ளுங்கள். ஸ்டாண்டை எடுத்துவிட்டு, நீங்கள் உட்கார்ந்ததும் இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். சக்கரத்தின் மொத்த ஆட்டம் 100 மி.மீ. என்றால், சுமார் 30 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும்.

● ஒற்றை ஷாக் உள்ள மோனோஷாக்கில் சக்கரம் 2 அங்குலம் ஏறும்போது ஷாக் 1 அங்குலம்தான் அமுங்குகிறது என்றால், சக்கரத்துக்குத் தேவையான விறைப்பைப் போல ஸ்பிரிங் எத்தனை மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும்? இரண்டா? இல்லை, நான்கு! இன்னொரு வண்டியின் ஷாக்கைக் கழற்றி மாட்டக் கூடாது என்பது இதனால்தான்.

● 1970களில் யமஹாவின் மோனோஷாக்குக்கு வித்திட்டவர் லூசியன் டில்கென்ஸ் என்ற பெல்ஜியப் பேராசிரியர்! பந்தயக்காரர்கள் கொண்டாடும் தங்க நிற ஓலின்ஸ், 1976இல் சுவீடனில் பிறந்தது. அவ்வளவு தூரம் எதற்கு? கேப்ரியல் ஷாக் நம் ஓசூரிலேயே தயாராகிறது!

● ஷாக்கின் நீளத்தை மேல் புஷ் நடுவிலிருந்து கீழ் புஷ் நடுவரை அளந்து வாங்குங்கள். நீளம் கூடினால் சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும், செயின் தொய்வும் மாறும்!

கடைசியாக ஒன்று. ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பது சி.சி.யை மட்டும் பார்த்து அல்ல, கிலோவையும் பார்த்து! நீங்கள், பின்னால் உட்காருபவர், நடுவில் வைக்கும் மூட்டை... எல்லாவற்றின் எடையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எடையைக் கேட்காமலே ஷாக்கை எடுத்து நீட்டுகிற கடை என்றால், அடுத்த கடையைப் பாருங்கள்!