முந்திக் கட்டும் ரூபா

வீட்டையோ நிலத்தையோ ஈடாக வைத்துக் கடன் பெறுவதை ஆங்கிலர் ‘மோர்கேஜ்’ என்பர். பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்குச் ‘செத்த ஈடு’ என்பதே நேர்ப்பொருள். ஈட்டுக்குச் சாவு எங்கிருந்து வந்தது? 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலச் சட்ட அறிஞர் லிற்றில்ரன் இதற்கு விளக்கங் கூறியுள்ளார். குறித்த நாளிற் பணம் செலுத்தப்படாவிடின் நிலம் கடனாளிக்குச் செத்ததாகும். செலுத்தப்படின் ஈடு கடன் கொடுத்தவனுக்குச் செத்ததாகும். எப்படியும் ஒரு சாவு உண்டு. நமது மொழி இவ்வளவு கடுமை காட்டவில்லை. நாம் ஈட்டை ‘மீட்கின்றோம்’. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பதற்கு வழங்கிய அதே வினைதான் ஈட்டு உறுதிக்கும் வழங்குகின்றது.

அந்த மீட்சியை எவ்வளவு விரைவில் அடையலாம் என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்த பொருள். வட்டிக் கணக்குக்கு இலக்கியப் பக்கத்தில் இடமா என்று முகஞ் சுளிக்கும் அன்பர்கள் பொறுத்தருள்க. நம்மிற் பலர் வாழ்நாளிற் கைச்சாத்திடும் மிக நீண்ட ஒப்பந்தம், திருமணத்தை விடுத்தால், வீட்டுக் கடன் உறுதியே. அதை வாசித்துப் பார்த்துக் கைச்சாத்திடுவோர் மிகச் சிலர்.

யாழ்ப்பாணத்தாருக்கு ஈடு புதிதன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்த தேசவழமை ஒற்றியைப் பற்றிப் பேசுகின்றது. ஒற்றியில் வட்டி என்று தனியே பணங் கொடுப்பதில்லை. நிலம் கடன் கொடுத்தவர் கைக்குச் செல்லும். அதன் விளைவே அவருக்கு வட்டி. ஆதலால் ஒற்றிப் பணத்திற் காற்பங்கைத் திருப்பிக் கொடுத்தாலும், தோட்டத்துப் பனைகளிற் காற்பங்கு உடனே திரும்பி வந்துவிடுவதில்லை. முழுத் தொகையையும் பெட்டகத்திலோ சீட்டிலோ சேர்த்துவைத்து, ஒரே நாளிற் கொண்டுபோய்க் கொடுத்து மீட்பதே பொதுவான வழி. சிறுகச் சிறுகக் கட்டுவதால் ஒற்றிக்காரருக்கு ஆறுதலும் இல்லை, ஆதாயமும் இல்லை.

வங்கியிற் பெறும் வீட்டுக் கடன் இதற்கு நேர்மாறானது. அங்கே எஞ்சியிருக்கும் முதலுக்கு மட்டுமே மாதந்தோறும் வட்டி கணிக்கப்படுகின்றது. ஒரு ரூபா முதல் குறைந்தால் அடுத்த மாதமே அந்த ஒரு ரூபாவுக்குரிய வட்டியும் நின்றுபோகும். ஆயினும் நம்மவர் மனம் இன்னும் ஒற்றிக் காலத்து மனமாகவே இருக்கின்றது. தவணையை ஒழுங்காகக் கட்டுவது, மிஞ்சியதைப் புறம்பே சேர்ப்பது, 20 ஆண்டு முடியட்டும் என்று காத்திருப்பது என இப்படியே காலங் கழிகின்றது. இவ்வழக்கத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

10 இலட்சம் ரூபா, ஆண்டுக்கு 12 வீத வட்டி, 20 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒன்றுக்கு 1 வீதம். மாதாந்தத் தவணை 11,011 ரூபா. முதல் மாதம் அதில் 10,000 ரூபா வட்டிக்கே போய்விடும். முதலிற் குறைவது 1,011 ரூபா மாத்திரமே! 240 மாதங்களும் கட்டி முடித்தால் செலுத்திய தொகை ஏறத்தாழ 26 இலட்சத்து 42 ஆயிரம். இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. கடனிற் சரிபாதி, அதாவது 5 இலட்சம், எப்பொழுது தீர்கின்றது? பத்தாம் ஆண்டில் என்றே எவரும் சொல்வர். உண்மையில் அது தீர்வது 15 ஆண்டுகள் சென்றபின். எஞ்சிய பாதியைக் கடைசி 5 ஆண்டுகள் விழுங்கித் தீர்க்கின்றன.

இனி, இதே கடனாளி முதல் மாதந் தொடங்கி 1,000 ரூபா கூட்டி, 12,011 ரூபாவாகக் கட்டி வருகின்றார் என்க. அவருடைய கடன் 180 மாதங்களில், அதாவது 15 ஆண்டுகளில், முற்றாகத் தீர்ந்துவிடும். மற்றவர் பாதிவழியில் நிற்கும் அதே வேளையில் இவர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். இவர் மேலதிகமாகக் கொடுத்தது 1,80,000 ரூபா. இல்லாதொழிந்த 60 தவணைகளின் பெறுமதி 6,60,660 ரூபா.

எல்லா ரூபாவும் ஒரே நிறையுடையன அல்ல என்பதையும் இக்கணக்குக் காட்டுகின்றது. இக்கடனில் முதல் மாதத்திலேயே மேலதிகமாக 10,000 ரூபா ஒருமுறை கட்டினால் இறுதியில் ஒன்பது தவணைகளுக்கு மேல் அற்றுப்போகும். அதே 10,000 ரூபாவைப் பத்தாம் ஆண்டின் முடிவிற் கட்டினால் அறுவது மூன்று தவணைகளே. உயர்வகுப்பிற் பெருக்கல் விருத்தி கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை மாணவருக்கு ஓர் உதாரணமாகக் கொடுக்கலாம். முயல்களின் பெருக்கத்தைக் காட்டிலும் இது அவர்களுக்குப் பயன்படும்.

ஆனால் இதில் மாயம் எதுவும் இல்லை. முந்திக் கட்டிய ரூபா 12 வீத வட்டி தரும் வைப்பிலிட்ட ரூபாவுக்கு ஒப்பானது, அவ்வளவே. ஆதலால் குறைந்த சலுகை வட்டியில் வீட்டுக் கடன் பெற்ற அரசாங்க உத்தியோகத்தர், நிலையான வைப்புக்கு அதனினுங் கூடிய வட்டி கிடைக்குங் காலத்தில், அவசரப்பட்டுக் கடனை அடைப்பது கணக்கறியாச் செயலாகும். நகையை அடகு வைத்துக் கூடிய வட்டிக்குப் பணமெடுத்து வீட்டுக் கடனை முந்திக் கட்டுவோரும் உளர். அவர்களுக்கு என்ன சொல்வது!

2022ஆம் ஆண்டு இவ்விடயத்தில் நமக்கு இருவேறு பாடங்களை ஒருங்கே புகட்டியது. ஏப்பிரல் 8ஆம் நாள் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே முடிவில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவ்வாண்டின் இறுதியில், வங்கிகள் தம் முதன்மை வாடிக்கையாளரிடம் பெறும் வட்டியே 27 வீதத்தைத் தாண்டிற்று. மாறும் வட்டியிற் கடன் பெற்றிருந்தவர் நிலையை எண்ணிப் பாருங்கள். நாம் மேலே கண்ட 10 இலட்சத்துக்கு வட்டி 24 வீதமானால், மாத வட்டி மட்டும் 20,000 ரூபா. பழைய 11,011 ரூபாத் தவணை அந்த வட்டியிற் பாதியைச் சிறிதே கடந்து நிற்கும். முதல் குறைவதற்குப் பதிலாக வளரும். வட்டி மலிந்திருந்த முன்னைய ஆண்டுகளிற் கையிலிருந்ததைக் கட்டி முதலைக் குறைத்துவைத்தவர்கள் மட்டுமே அப்புயலிற் சற்று மூச்சுவிட்டனர்.

மற்றப் பாடம் இதற்கு எதிரானது. அதே ஆண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது. நிலைத்த வட்டியிற் கடன் பட்டவரின் சுமை, பணத்தின் பெறுமதியோடு சேர்ந்து தானே கரைந்தது. அவர் முன்பு வயிற்றைக் கட்டி முந்திச் செலுத்திய நல்ல ரூபாக்கள் வீணாயின என்று கூடச் சொல்லலாம். மருந்துக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற அந்நாட்களிற் கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்திருந்தவரே பிழைத்தார். சுவருக்குள் புகுந்த பணத்தை வேண்டியபோது உருவி எடுக்க இயலாது. மாறும் வட்டியா, நிலைத்த வட்டியா என்பதை அறியாமல் இவ்விடயத்தில் எவருக்கும் புத்தி கூறலாகாது என்பதே எனது துணிபு. அறிந்தபின்னும், ஆறு மாதச் செலவை ஒதுக்கி வைக்காதவர் ஒரு ரூபாவும் முந்திக் கட்டுதல் வேண்டாம்.

கட்டத் துணிந்தவர் கவனிக்க வேண்டியது உறுதியின் சிறு எழுத்துக்களை. முன்கூட்டித் தீர்ப்பதற்குத் தண்டக் கட்டணம் விதிக்கும் வங்கிகள் எங்கும் உண்டு. பிரித்தானியாவில், நிலைத்த வட்டிக் காலத்தில் ஆண்டுக்கு எஞ்சிய கடனிற் பத்திலொரு பங்கு வரையே கட்டணமின்றி மேலதிகமாகக் கட்டலாம் என்பது பல நிறுவனங்களின் வழக்கம். அந்நாட்டில் ஒருகாலத்தில் இன்னொரு கொடுமையும் இருந்தது. ஆண்டுக்கொருமுறையே நிலுவையைக் கணிக்கும் முறையில், ஆண்டின் நடுவிற் கட்டிய பணம் அவ்வாண்டு முடியும்வரை வட்டியைக் குறைக்காது சும்மா கிடந்தது. நம் நாட்டிலும், மேலதிகமாகக் கொடுத்த பணத்தை வருமாதத் தவணைக்கு முற்பணமாக வைத்துக்கொள்ளுதல் நடவாததன்று. அவ்வாறாயின் முந்திக் கட்டியதன் பயன் பெரும்பாலும் போய்விடும். ‘இது முதலிற் கழிக்கப்படவேண்டும், தவணைத் தொகை மாறலாகாது, காலமே குறையவேண்டும்’ என்று எழுத்திற் கொடுத்து, மாத முடிவிற் கணக்குக் கூற்றைப் பெற்றுச் சரிபார்த்தல் வேண்டும்.

கடைசித் தவணை கட்டிய மகிழ்ச்சியில் மறக்கப்படுவது ஒன்று உண்டு. ஈடு விடுவிக்கப்பட்டதை எழுதுவித்துக் காணிப் பதிவுக் கந்தோரிற் பதிய வேண்டும். பதியாவிடின் கடன் தீர்ந்தும் ஏட்டில் ஈடு நின்றுகொண்டேயிருக்கும். ஆண்டுகள் பல கழிந்து, வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதப் போகும் நாளில், நொத்தாரிசு அந்தப் பழைய வரியை விரலாற் சுட்டிக் காட்டுவார்.