கணிப்பொறி விழிக்க மறுத்தால்...

கணிப்பொறியின் விசையை அழுத்துகிறீர்கள். விசிறி சுழல்கிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் வழக்கமான முகப்புக்குப் பதிலாகக் கறுத்த திரையில் இரண்டே வரி ஆங்கிலம் வந்து நிற்கிறது. தொடங்குவதற்குரிய தட்டு எதுவும் கிடைக்கவில்லையாம். உடனே வீட்டில் ஒருவர், "கடைக்குக் கொடுத்தால் ஃபார்மட் செய்து தந்துவிடுவார்கள்" என்று யோசனை கூறுவார். அந்த யோசனையை ஏற்பதற்கு முன் சற்றுப் பொறுங்கள்.

ஃபார்மட் செய்து விண்டோஸை மீண்டும் நிறுவினால் பெரும்பாலும் கணிப்பொறி எழுந்துவிடும். ஆனால் அதனுள் இருந்தவை? மகளின் நிக்காஹ் படங்கள், மறைந்துவிட்ட வாப்பாவின் குரற்பதிவு, வீட்டுப் பத்திரங்களின் நகல், பல ஆண்டுக் கடைக் கணக்கு ஆகியவற்றை எந்தக் கடையில் வாங்குவது? பொறியை ஓட வைப்பது ஒரு வேலை. உள்ளிருப்பதைக் காப்பது வேறொரு வேலை. சில வேளைகளில் முன்னது பின்னதற்குப் பகையாகவும் முடியும். ஆகவே, இரண்டில் எது தங்களுக்கு முக்கியம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அன்று. தாய்ப்பலகையிலுள்ள சிறு சில்லு ஒன்றில் பொதிந்திருக்கும் நிரலே முதலில் இயங்குகிறது. பழைய பொறிகளில் இதற்கு பயாஸ் என்று பெயர், புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ. என்பர். நினைவகம் முதலியவற்றைச் சோதித்தபின், எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்னும் வரிசையை அது பார்க்கும். பயாஸ் முறையில், அத்தட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். தட்டு எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது என்னும் அட்டவணையும், அடுத்து எங்கே செல்வது என்னும் குறிப்பும் அச்சிறு இடத்திற்குள் அடங்கியுள்ளன. அது சிதைந்துவிட்டால், வீட்டுப் பொருள்கள் யாவும் உள்ளே பத்திரமாக இருக்க, வாயிற்கதவின் சாவி மட்டும் தொலைந்துபோன கதைதான். ஏமாற்றம் பெரிது, இழப்போ இன்னும் நேரவில்லை.

சில நேரங்களில் காரணம் மிக அற்பமாக இருக்கும். செருகியபடியே மறந்துவிட்ட பென் டிரைவிலிருந்து தொடங்க முயன்று பொறி தடுமாறியிருக்கலாம். அதை எடுத்துவிட்டு மீண்டும் இயக்கிப் பாருங்கள். மேசைக் கணிப்பொறியாயின், மின்னிணைப்பை முற்றிலும் நீக்கியபின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, ஹார்டு டிஸ்க்குக்குச் செல்லும் இரு வடங்களையும் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். தாய்ப்பலகையில் நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்று இருக்கும். பழைய பொறியில் அது தீர்ந்துபோனால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கி ஓடிவிடும். தொடக்க வரிசை முதலிய அமைப்புகளும் அழிந்துவிடும். தேதி தவறாகக் காட்டினால் ஐயம் முதலில் இதன்மேல் விழட்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் பயாஸ் திரைக்குள் சென்று, ஹார்டு டிஸ்க்கின் பெயர் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். இதுவே பாதை பிரியும் இடம். பெயர் தெரிந்தால் தட்டுக்கு உயிர் இருக்கிறது. குறை பெரும்பாலும் எழுத்திலோ அமைப்பிலோதான். வடங்களைச் சரிபார்த்த பின்னரும் பெயர் தெரியாவிட்டால், பழுது தட்டிலேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

அத்துடன் செவியையும் பயன்படுத்துங்கள். மேசைக் கணிப்பொறியின் ஹார்டு டிஸ்க் பொதுவாக நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும். அதாவது நொடிக்கு 120 முறை. அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி அது! "டிக், டிக்" என்று சீரான இடைவெளியில் ஓசை எழுந்தால், முனை தன் இடத்தைக் கண்டறிய இயலாமல் தவிக்கிறது என்று பொருள். அந்நிலையில் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது தட்டின் பரப்பையே கீறிவிடக்கூடும். உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து எடுத்தால் சரியாகும் என்று சிலர் கூறுவதை நம்ப வேண்டாம். உள்ளே ஈரம் படியும், அவ்வளவுதான். மூடியைத் திறந்து பார்ப்பது அதனினும் கேடு. அந்த இடைவெளிக்கு ஒரு தூசியே பாறை. தூசு நீக்கிய அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்தார் மட்டுமே செய்யத்தக்க வேலை அது. செலவு மிகுதி என்பதால், உள்ளிருப்பதன் மதிப்பை எண்ணி முடிவெடுங்கள்.

தட்டு ஓசையின்றிச் சுழன்று, பெயரும் தெரிந்தால் வழி உண்டு. லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணிப்பொறியை இயக்கலாம். அல்லது தட்டைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பியின் வழியாக வேறொரு பொறியில் பொருத்தலாம். அப்போது, "இத்தட்டை ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கக்கூடும், கை தவறியும் சம்மதிக்காதீர்கள். 48 இலக்க எண்ணைக் கேட்டால், தட்டு பிட்லாக்கர் பூட்டில் இருக்கிறது என்று அறிக. அவ்வெண் பெரும்பாலும் தங்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

கோப்புகள் தெரிந்ததும் முதலில் அவற்றை வேறொரு தட்டுக்குப் படியெடுங்கள். மீண்டும் பெற இயலாதவற்றை முன்னால் எடுங்கள். திரைப்படங்கள் கடைசியில் வரட்டும். செக்டிஸ்க் போன்ற பழுது நீக்கும் கட்டளைகளை அதன் பின்னரே ஓட்ட வேண்டும். அவை தட்டிலேயே எழுதித் திருத்துபவை; நலிந்த தட்டில் அவற்றை முதலில் ஓட்டினால் எஞ்சியதும் சிதையலாம். ஆங்காங்கே படிக்க இயலாத இடங்கள் இருப்பின், ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் படியெடுத்துக்கொண்டு, கெட்டவற்றைப் பின்னர் முயலும்.

இன்றைய மடிக்கணினிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. வேறு இனம். சுழலும் பகுதியே இல்லாததால் ஓசையால் எச்சரிக்காது, திடீரென்று மௌனமாகிவிடக்கூடும். அழித்த கோப்பை மீட்பதும் அதில் பெரும்பாலும் இயலாது.

கடைக்கே எடுத்துச் செல்வதாயின், "என் அனுமதியின்றி ஃபார்மட் செய்யக்கூடாது" என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தட்டை மாற்றினாலும் பழையதைத் திரும்பக் கேட்டுப் பெறுங்கள். அதில் இருப்பது தங்கள் குடும்பத்தின் உடைமை.