விடாத காய்ச்சலைப் படிப்பவர்கள்

மகேந்திரவர்மன் குடைந்த கோயில் இருக்கும் தளவானூரில் ஒரு குழந்தைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். செஞ்சி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு "முண்டியம்பாக்கம் கொண்டு போங்க" என்பார்கள். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பது அங்கேதான். டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை. விவரம் தெரிந்த டாக்டர் குழந்தையின் அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம் என்று தேடுவார். சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு தென்பட்டால் அது உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் வரப்போரப் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சி கடித்து வருவது. வழக்கமாக ஏற்றும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இதை ஒன்றும் செய்யாது. மலிவான டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

இப்படித் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர் குழந்தைத் தொற்றுநோய் மருத்துவர். எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு; நீட் எழுதி எம்.டி. குழந்தை மருத்துவம் மூன்று ஆண்டு. இந்தப் பிரிவே அதற்குமேல்தான்: ஃபெலோஷிப், அல்லது தொற்றுநோய் டி.எம். மூன்று ஆண்டு. அமெரிக்காவிலும் பட்டத்துக்குப் பின் மூன்றும் மூன்றுமாக ஆறு ஆண்டு. கத்தி பிடிக்காமல், குழாய் விடாமல், யோசித்துச் சொல்வதற்கு மட்டும் ஃபீஸ் வாங்கும் துறை இது. இளம் டாக்டர்கள் தயங்குவதில் வியப்பில்லை.

இந்தப் படிப்புகள் இங்கே வருமுன்பே அந்த வேலையைச் செய்தவர் வேலூர் சி.எம்.சி.யின் டி. ஜேக்கப் ஜான். குழந்தை மருத்துவரான அவர் வைரஸ் இயலும் கற்று ஆய்வகத்துக்குள் போனார். போலியோ சொட்டு மருந்து குடித்த குழந்தைகளுக்கும் கால் விளங்காமல் போய்க்கொண்டிருந்த காலம். மருந்து வெயிலில் கெட்டிருக்கும், தாய்மார் தவணையை விட்டிருப்பார்கள் என்று பழி போடுவது சுலபம். அவர் குழந்தைகளின் ரத்தத்தில் எதிர்ப்பொருளை அளந்தார். மூன்று தவணை ஒழுங்காகக் கொடுத்தும் பல குழந்தைகளுக்கு எதிர்ப்பு உண்டாகவில்லை என்பதை 1972-லேயே வெளியிட்டார். மேலைநாட்டுக் குழந்தைக்குப் போதுமான அளவு வேலூர்க் குழந்தைக்குப் போதவில்லை. தவணையைக் கூட்ட வேண்டும் என்றார்.

சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழு சேகரித்த ரத்தத்தில் 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்ததும் வேலூரில் ஜானின் ஆய்வகத்தில்தான்.

நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். சொட்டோடு ஊசியும் வேண்டும் என்று ஜான் நெடுங்காலம் வாதாடினார். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் போலியோ ஊசி இடம்பெறத் தொடங்கியது 2015-ன் இறுதியில்.