வியன்னாவின் தோட்டங்களில்

வியன்னா நகரத்துக்குச் செல்லும் சங்கீதப் பிரியர்களில் பெரும்பாலோர் இரண்டு கட்டடங்களைத் தேடிக்கொண்டே போகிறார்கள். ஒன்று, 1869-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஆபரா மாளிகை. மற்றொன்று, அதற்கு மறு ஆண்டு திறக்கப்பெற்று, புத்தாண்டு தினத்தன்று நடைபெறும் கச்சேரியால் உலகப் பிரசித்தி அடைந்திருக்கும் மூசிக்ஃபெரைன் மண்டபம். இரண்டும் பார்க்கத் தகுந்தவையே என்பதில் ஐயமில்லை. ஆனால் மொட்ஸார்ட்டும் பீத்தோவனும் ஷூபர்ட்டும் அவ்விரண்டையும் கண்ணால் கண்டதில்லை. அம்மூவரும் மறைந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரே அவை எழும்பின. அவர்கள் காலத்துச் சங்கீதம் பிரபுக்களின் மாளிகைகளிலும், தேவாலயங்களிலும், நாடகக் கொட்டகைகளிலும், அவற்றுக்குச் சற்றும் குறையாத உற்சாகத்துடன் தோட்டங்களிலும் ஒலித்தது. ஆகையால், கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்கவில்லையே என்று விசனப்படும் யாத்திரிகர், அந்த விசனத்தை விட்டுவிட்டு, காலுக்கு இதமான பாதரட்சைகளை அணிந்துகொண்டு தோட்டங்களையும் பேட்டைகளையும் சுற்றி வருவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

அத்தோட்டங்களிற் பல ஆதியில் பொதுஜனங்களுக்கு உரியவை அல்ல. அரச குடும்பத்தார் வேட்டையாடுவதற்கும் உலாவுவதற்கும் வைத்துக்கொண்டிருந்த அவ்விடங்களுள், பிராட்டர் என்னும் விசாலமான வேட்டைக்காட்டை 1766-ஆம் ஆண்டிலும், ஔகார்ட்டன் என்னும் அரண்மனைத் தோட்டத்தை 1775-ஆம் ஆண்டிலும் சகல ஜனங்களுக்கும் திறந்துவிட்டவர் இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி. சாமானியர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டபடியால் தங்களுக்குச் சமமானவர்களோடு மட்டும் உலாவ இடமில்லாமற் போயிற்றே என்று பிரபு ஒருவர் முறையிட்டபோது, தமக்குச் சமமானவர்களோடு மட்டுமே உலாவ வேண்டுமென்றால் தாம் தம் முன்னோரைப் புதைத்திருக்கும் கப்புச்சின் நிலவறைக்குள் அல்லவா போக வேண்டும் என்று அவர் பதில் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், வியன்னாவின் சங்கீத சரித்திரத்தில் எந்த மூலைக்குப் போனாலும் இந்தச் சக்கரவர்த்தியின் உத்தரவு ஏதாவது ஒன்று எதிர்ப்படுகிறது என்பதை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டான்யூப் கால்வாயைக் கடந்து லியோபோல்ட்ஸ்டாட் என்னும் பேட்டைக்குள் நுழைந்தால், ஔகார்ட்டன் தோட்டத்தின் நேரான சாலைகளும் ஒழுங்காகக் கத்தரிக்கப்பெற்ற மரவரிசைகளும் தென்படும். 1782-ஆம் ஆண்டுக் கோடையில், அந்நகரில் குடியேறி அதிக காலம் ஆகாத மொட்ஸார்ட், இங்கே ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நடந்த கச்சேரிகளில் கலந்துகொண்டார். காலைக் காற்று வாங்க வந்தவர்கள் அப்படியே அமர்ந்து வாத்திய கோஷ்டியைக் கேட்டுவிட்டுப் போகும் இந்த வழக்கம் பிற்காலத்திலும் தொடர்ந்தது. 1803-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் தேதி காலையில், பீத்தோவன் பியானோவிலும், ஆப்பிரிக்க வம்சத்துத் தகப்பனாருக்குப் பிறந்த பிரிட்ஜ்டவர் என்ற இளைஞர் வயலினிலுமாக, அன்றுவரை ஒருவரும் கேட்டிராத ஒரு ஸொனாட்டாவை இவ்விடத்தில் வாசித்தார்கள். ஸொனாட்டா என்பது ஓரிரு வாத்தியங்களுக்கென்று பல பகுதிகளாக இயற்றப்படும் உருப்படி. பிரதி எடுக்கவும் அவகாசம் இல்லாமற்போனபடியால், இரண்டாவது பகுதியை வயலின் வித்துவான் பீத்தோவனுடைய கையெழுத்துப் பிரதியைப் பார்த்தே வாசிக்க நேர்ந்தது. பீத்தோவனின் கையெழுத்தைக் கண்டவர்கள், அந்த இளைஞரின் சாமர்த்தியத்துக்கு அதுவே போதிய அத்தாட்சி என்று ஒப்புக்கொள்வார்கள். பின்னர் இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம் உண்டாகி, அந்த உருப்படி பாரிஸ் நகரத்துக் குரோய்ட்ஸர் என்பவருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. அவரோ அதை ஒருநாளும் மேடையில் வாசிக்கவில்லை. வாசித்தவர் பெயரை உலகம் மறந்தது. வாசியாதவர் பெயரால் அந்த ஸொனாட்டா இன்றும் வழங்கிவருகிறது.

இதே தோட்டத்தின் நடுவே, இரண்டாம் உலக யுத்தத்தில் விமானங்களைச் சுடுவதற்காக எழுப்பப்பட்ட இரண்டு கான்கிரீட் கோபுரங்கள், இடிப்பதற்கும் வழியில்லாத கனத்தோடு நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றுக்குச் சமீபத்தில் உள்ள அரண்மனையில்தான் வியன்னாப் பாலர் பாடற்குழுவினர் வாசம் செய்கிறார்கள். அழகானவற்றை மட்டுமே பார்க்க விரும்புகிறவர்கள் கோபுரங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பதுண்டு. நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். ஏனெனில், இந்தப் பேட்டை யூதர்கள் திரளாக வாழ்ந்த இடம். நவீன சங்கீதத்தில் பெரும் புரட்சி செய்த ஷேன்பெர்க் 1874-இல் பிறந்தது இங்கேதான். 1938-இல் நாஜிகள் நகரத்தைக் கைப்பற்றிய பிறகு அந்த ஜனசமூகமே வேரோடு பிடுங்கப்பட்டது. இங்குள்ள பிராட்டர் தெருவின் 54-ஆம் எண் வீட்டில் இருந்துகொண்டுதான் இளைய யோஹான் ஸ்ட்ராஸ், பிரஷ்யாவிடம் யுத்தத்தில் தோற்று நகரமே சோர்ந்து கிடந்த வேளையில், நீல டான்யூபைப் பற்றிய தம் வால்ட்ஸ் நடன இசையை இயற்றினார். 1867 பிப்ரவரியில் அது அரங்கேறியது. அவருடைய பாட்டனாரின் தகப்பனார் யூத குலத்தில் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவர் என்ற உண்மை தேவாலயத்து விவாகப் பதிவேட்டில் இருந்தபடியால், அந்த வால்ட்ஸைக் கைவிட மனமில்லாத நாஜிகள், பதிவேட்டையே திருத்திப் பொய்ப் பிரதி தயாரித்தார்கள். ஒரு பாட்டுக்காக அரசாங்கம் தன் கொள்கையையே ஏமாற்றிக்கொண்ட அதிசயம் அது!

ஸ்ட்ராஸின் பொற்சிலையைப் பார்க்க வேண்டுமானால் மறுபடியும் கால்வாயைக் கடந்து, ஷ்டாட்பார்க் என்னும் நகரப் பூங்காவுக்கு வரவேண்டும். நகரத்தைச் சுற்றியிருந்த கோட்டை மதில்களை இடித்துத் தள்ளுமாறு 1857-இல் பிரான்ஸ் யோசப் சக்கரவர்த்தி உத்தரவிட்டபோது, அந்த இடத்தில் அகன்ற வட்டச் சாலையும், அதன் ஓரமாக 1862-இல் இப்பூங்காவும் உண்டாயின. 1921-இல் நிறுவப்பெற்ற ஸ்ட்ராஸ் சிலையின் தங்கப் பூச்சை 1935-இல் அகற்றிவிட்டார்கள். 1991-இல்தான் மீண்டும் பூசினார்கள். வயலினைத் தோளிற் சாய்த்துக்கொண்டு பளபளக்கும் அந்த உருவத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாத யாத்திரிகர் இல்லை. அதற்குச் சற்றுத் தள்ளி, வெண்சலவைக் கல்லில், அமர்ந்த நிலையில் ஷூபர்ட் இருக்கிறார். அங்கே கூட்டம் இராது. அருகில் இருக்கும் பெஞ்சியில் உட்கார்ந்து சிறிது யோசிப்பதற்கு அவகாசம் கிடைக்கும்.

அரண்மனைத் தோட்டமான பூர்க்கார்ட்டனில் உள்ள மொட்ஸார்ட் சிலையையும், அதன் முன்னே ஸ்வரக்குறியின் வடிவத்தில் நட்டிருக்கும் செம்மலர்ப் பாத்தியையும் போகிற போக்கில் பார்த்தால் போதும். அதன் அண்டையிலுள்ள ஃபோல்க்ஸ்கார்ட்டன், அதாவது மக்கள் தோட்டம், ரோஜாச் செடிகளுக்காக மட்டுமன்றி வேறொரு காரணத்துக்காகவும் கவனத்துக்கு உரியது. 1809-இல் நெப்போலியனுடைய சேனை கொத்தளங்களை வெடி வைத்துத் தகர்த்ததனால் வெறுமையாகிய இடத்தில் அமைந்து, 1823-இல் ஜனங்களுக்குத் திறக்கப்பட்ட இத்தோட்டத்தின் காப்பிக் கடையில் லான்னர் என்ற இசைஞரும், இளைய ஸ்ட்ராஸின் தகப்பனாரான மூத்த ஸ்ட்ராஸும் தத்தம் வாத்திய கோஷ்டிகளோடு வாசித்தார்கள். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிச் சுழலும் கிராமிய நடனமொன்று, சீமான்களும் கடைக்காரர்களும் ஒரே கூரையின்கீழ் ஆடும் வால்ட்ஸாக உருவெடுத்தது இத்தகைய இடங்களிலேதான். மூத்த ஸ்ட்ராஸ் தம் குமாரனைப் பாங்கி உத்தியோகத்துக்கு அனுப்ப விரும்பினார். தாயாரின் ஆதரவைப் பெற்ற குமாரனோ 1844-இல், ஹீட்ஸிங் என்னும் புறநகரில் இருந்த டொம்மயர் விடுதியில், தகப்பனாருக்குப் போட்டியாகத் தனிக் கோஷ்டியை ஏற்படுத்திக்கொண்டு மேடை ஏறிவிட்டார்.

தோட்டங்களில் சிலைகளைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறவர்கள், வியன்னா தன் சங்கீத வித்துவான்களைக் கண்ணுக்குள் வைத்துப் போஷித்தது என்றே எண்ணிக்கொள்வார்கள். பேட்டைகளுக்குள் நடந்தால் அந்த எண்ணம் நிலைக்காது. கார்ல்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் பிராம்ஸுக்குச் சிலை இருக்கிறது. அதற்கு எதிரே தொழில்நுட்பக் கல்லூரி நிற்கும் நிலத்தில், 1741-இல் வறுமையில் இறந்த இத்தாலிய மேதை விவால்டியை ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான மயானத்தில் புதைத்தார்கள். ஆல்ஸர்க்ருண்ட் பேட்டையில், நுஸ்டார்ஃப் தெரு 54-ஆம் எண் வீட்டுக்குப் போனால், பல குடும்பங்கள் நெருங்கி வசித்த அந்தக் கட்டடத்தில், ஓர் அறையும் ஒரு சமையலறையுமாக இருந்த ஜாகையில் 1797 ஜனவரி 31-ஆம் தேதி ஷூபர்ட் பிறந்ததை அறியலாம். அவருடைய மூக்குக் கண்ணாடி அங்கே கண்காட்சியில் வைக்கப்பட்டிருக்கிறது. முப்பத்தொரு வயது வாழ்ந்து, அறுநூறு பாடல்களுக்கு மேல் இயற்றிய அம்மனிதர், தம் உருப்படிகளை மட்டுமே கொண்டு நடத்திய பொதுக் கச்சேரி ஒன்றே ஒன்றுதான். அது 1828 மார்ச்சில் நடந்தது. அவ்வாண்டு நவம்பரில் அவர் காலமானார்.

அவரைப் புதைத்த இடத்தை மத்திய மயானத்தில் தேடுவது வழக்கம். ஆனால் முதலில் போக வேண்டியது வேரிங் பேட்டையில் உள்ள ஷூபர்ட் பூங்காவுக்கு. இது முன்னர் அப்பகுதியின் மயானமாக இருந்தது. 1827 மார்ச்சில் பல்லாயிரம் ஜனங்கள் பின்தொடர, பீத்தோவனை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தபோது, தீவட்டி ஏந்தி நடந்தவர்களில் ஷூபர்ட்டும் ஒருவர். அடுத்த ஆண்டே அவரும் சில கல்லறைகள் தள்ளி அதே மண்ணுக்குள் போனார். 1888-இல் இருவருடைய அஸ்திகளையும் மத்திய மயானத்துக்கு மாற்றினார்கள். பழைய மயானம் 1925-இல் பூங்காவாயிற்று. ஆயினும் பழைய கல்லறைச் சின்னங்கள் பூங்காவின் ஓரத்தில் இன்றும் நிற்கின்றன. ஷூபர்ட்டின் கல்லறைக்கு வாசகம் எழுதிய கவி கிரில்பார்ட்ஸர், அவர் நிறைவேற்றிச் சென்றதைவிட நிறைவேறாத நம்பிக்கைகளே பெரியவை என்னும் கருத்துப்பட எழுதிவிட்டார் என்று பிற்காலத்தவர் குறை கூறினர். அவரைக் குறை கூறி என்ன பயன்? முடிவுபெறாத சிம்பனி என்று இன்று உலகம் போற்றும் உருப்படி ஒரு நண்பரின் வீட்டில் உறங்கிக் கிடந்து, 1865-இல்தான் வியன்னாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. அலமாரிக்குள் இருந்ததைக் கவிஞர் எப்படி அறிவார்!

மத்திய மயானத்துக்கு எழுபத்தொன்றாம் எண் டிராம் போகிறது. யாராவது இறந்துபோனால் அவர் அந்த டிராமில் ஏறிவிட்டார் என்று வியன்னாக்காரர்கள் பரிகாசமாகச் சொல்வதுண்டு. 1874-இல் திறக்கப்பட்டபோது வெகுதொலைவில் இருக்கிறதென்று ஜனங்கள் அதை விரும்பவில்லை. ஆகவே புகழ்பெற்றவர்களின் அஸ்திகளைக் கொண்டுவந்து அதற்கு மதிப்பு ஏற்றினார்கள். பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ், ஸ்ட்ராஸ் ஆகியோர் அடுத்தடுத்து இருக்கும் அவ்விடத்தில் மொட்ஸார்ட்டுக்கும் நினைவுச்சின்னம் உண்டு, உடல் இல்லை. அவர் 1791-இல் ஸாங்க்ட் மார்க்ஸ் மயானத்தில் அடக்கமானார். ஈமச் சடங்குகளில் ஆடம்பரம் கூடாது, நகரத்துக்கு வெளியே எளிமையாகப் புதைக்க வேண்டும் என்ற ஜோசப் சக்கரவர்த்தியின் சீர்திருத்தமே அப்போது வழக்கத்தில் இருந்தபடியால், குழியின் மேல் கல் நாட்டவில்லை. இடம் இன்னதென்று பின்னர் ஒருவருக்கும் தெரியாமற் போயிற்று. சினிமாக்களில் காட்டுவதுபோல் பிச்சைக்காரனைப் போல் எறிந்துவிட்டார்கள் என்பது சரியல்ல. நடுத்தர வகுப்பாருக்கு உரிய சாதாரண அடக்கமே அது. ஸாங்க்ட் மார்க்ஸ் இப்போது வசந்தத்தில் லைலாக் மலர்கள் மண்டிக் கிடக்கும் ஓர் அமைதியான உலாவிடம்.

கடைசியாக வடக்கே, திராட்சைத் தோட்டங்கள் குன்றின்மேல் ஏறும் ஹைலிகன்ஸ்டாட் பகுதிக்குப் போக வேண்டும். 1802-இல் செவிப்புலன் குறைந்துகொண்டே வந்த பீத்தோவன், வைத்தியர் யோசனைப்படி அப்போது கிராமமாக இருந்த இவ்விடத்துக்கு வந்து தங்கி, தம் சகோதரர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மனிதர்களை வெறுப்பவன் என்று தம்மைப் பிறர் எண்ணுவதற்குக் காரணம் தம் செவிட்டுத்தன்மையே என்றும், சாகத் துணிந்த தம்மைக் கலை ஒன்றே தடுத்து நிறுத்தியது என்றும் அதில் எழுதியவர், அதை அனுப்பாமலே வைத்துக்கொண்டார். அவர் காலமான பிறகே அது அகப்பட்டது. அவர் தங்கியிருந்ததாகக் கருதப்படும் ப்ரோபுஸ் சந்து வீடு இப்போது காட்சிச்சாலையாக இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால், ஷ்ரைபர் ஓடையின் ஓரமாகச் செல்லும் மரநிழற்பாதை அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. 1808 டிசம்பரில், குளிர் தாங்காத கொட்டகையில் நான்கு மணி நேரம் நீண்ட ஒரே கச்சேரியில் அரங்கேறிய கிராமிய சிம்பனியின் ஓடையும் பறவைகளும் இந்தப் பக்கத்தவை என்பது ஊரார் நம்பிக்கை.

நடந்து களைத்தவர்களுக்கு இப்பகுதியில் ஹாய்ரிகர் என்னும் திராட்சை மதுக் கடைகள் இருக்கின்றன. தங்கள் தோட்டத்தில் விளைந்த மதுவைக் குடியானவர்கள் தாங்களே விற்றுக்கொள்ளலாம் என்று 1784-இல் அனுமதி கொடுத்தவரும் ஜோசப் சக்கரவர்த்தியேதான். புது மது இருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் பைன் கிளையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். 1878-இல் ஷ்ராம்மல் சகோதரர்கள் என்ற இரண்டு வயலின்காரர்கள் கிட்டார் வாசிப்பவர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, பின்னர்ச் சிறிய கிளாரினெட்டையும் கூட்டிக்கொண்டு இத்தகைய கடைகளில் வாசித்த சங்கீதம், அவர்கள் பெயராலேயே ஷ்ராம்மல் இசை என்று வழங்குகிறது. பேரரசர்களின் மண்டபத்தில் கேட்கும் இசைக்கு அது ஈடாகுமா என்று கேட்டால், பிராம்ஸே அச்சகோதரர்களை ரசித்துக் கேட்டார் என்று ஊரார் பதில் சொல்வார்கள். கிரின்ஸிங்கில் பஸ்களில் வந்திறங்கும் கூட்டத்துக்காக வாசிப்பவர்கள் அதிகம். நுஸ்டார்ஃபிலோ ஸ்டாம்மர்ஸ்டார்ஃபிலோ கேட்பது மேல். மது அருந்தாதவர்களுக்குத் திராட்சைச் சாறு கிடைக்கும். வாசிப்பவர் மேஜைக்கு அருகில் வந்து நின்றால் சில நாணயங்கள் கொடுப்பது மரியாதை.